நாற்பத்தொன்றாம் எண் நீந்துகிறது

தண்ணீரை வெள்ளையாக்க
நந்தினி பால்பொடி ஆறு பாக்கெட்.
ரசீதைப் பார்த்துக் கணக்குப் பிரிவு கேட்கிறது:
எலிகளுக்குக் காபியா மேடம்?

காபி இல்லை. ஒரு தொட்டி, நான்கடி அகலம்.
பால் நிறத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல்,
உள்ளங்கை அளவு ஒரு மேடை.
சுவர்களில் அடையாளங்கள்: முக்கோணம், கட்டம்,
போன வருடத்துக் காலண்டர்.
அதன் தாளைக் கிழிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
பெங்களூர் முழுக்க மார்ச்;
இந்த அறையில் மட்டும் இன்னும் போன ஜூலை.

காலண்டருக்கு இடப்பக்கம் திரும்பினால் கால் தட்டும்.
ஐந்து நாளில் எந்த எலியும் கற்றுக்கொள்ளும்.
நாற்பத்தொன்றும் கற்றிருந்தது: ஒன்பது நொடி.
பிறகு அதற்குக் காய்ச்சல் கொடுத்தேன்.

கட்டுரையில் அது
‘தொற்று செலுத்தப்பட்டது’ என்று வரும்.
செய்தவள் இல்லாத வினைச்சொல்.

காய்ச்சல் தணிந்தது. ரோமம் பழையபடி மினுங்கியது.
கூடப் பிறந்தவற்றின் மூளையில் தேடினேன்: வைரஸ் இல்லை.
ஆனால் தொட்டியில் விட்டால்
ஓசூர் ரோட்டில் யு-டர்ன் தேடும் ஆட்டோவாக
விளிம்போரமே சுற்றிச் சுற்றி வருகிறது.
காலண்டரைப் பார்க்கிறது,
யார் வீட்டுக் காலண்டரோ என்பதுபோல.
அறுபது நொடி முடிந்ததும்
‘பிடி மேடம்’ என்கிறார் புட்டராஜு.
அவர் மொழியில் அது ‘விடுங்கள்’.
என் மொழியில் எழுதினால் ‘பிடி’.
பதினாறு வருடம் ஆகியும்
அந்த ஒரு சொல்லில் மட்டும் என் கை தயங்குகிறது.

இருட்டறையில் நுண்ணோக்கி.
கடற்குதிரை என்று பெயர் வைத்த வளைவில்
பச்சை நியூரான்கள். எண்ணினேன். எல்லாம் இருக்கின்றன.
ஒன்றும் சாகவில்லை.
அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த முனைகள்தான்
இல்லை.
தேடினால், சிவப்புக் காவல் செல்களின் வயிற்றுக்குள்
பச்சைப் பொடியாக.
தின்றது வந்தவன் அல்ல.
வெள்ளம் வடிந்த தெருவில்
நனைந்தது எது, நனையாதது எது என்று பாராமல்
சாமானையெல்லாம் வெளியே எறிந்துகொண்டே இருக்கும்
மீட்புப் படை.
போதும், வடிந்துவிட்டது என்று
யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த கட்டடத்தில் ஜவரம்மா, வயது முப்பத்தாறு,
மத்தூர்ப் பக்கம். மூளைக்காய்ச்சலில் பிழைத்தவள்.
கை நடுங்காமல் பூக் கட்டுகிறாள்.
‘சீட்டுப் பணம் கட்டியாச்சா?’
இன்று காலையில் மட்டும் ஏழாவது தடவை.
கட்டியாச்சு என்கிறான் கணவன்,
முதல் தடவைக் குரலிலேயே.
என்னிடம் அவன் ஒன்றும் கேட்பதில்லை.
அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறான்.
அதுதான் பொறுக்கவில்லை.

ராத்திரி, மைனஸ் எண்பது பெட்டிக்குள் குழாய்களை அடுக்கியபடி
ஐபன் சொல்கிறாள், ஷில்லாங் பெண், தூங்கவே தூங்காதவள்:
நினைவு பதிய ஒரு புரதம் வேண்டியிருக்கிறதே மேம்,
அது உறை கட்டிக்கொள்வதைப் பார்த்தால் அசல் வைரஸ்.
கோடிக்கணக்கான வருடம் முன்னால்
ஏதோ விலங்குக்குள் நுழைந்தது, பிறகு போகவே இல்லை.

தெரியும். பாடமாகவே நடத்தியிருக்கிறேன், அழகான படத்தோடு.
இன்றைக்கு மட்டும், கையுறைக்குள் விரல் மரத்துப்போக,
கேட்க வேண்டும் போலிருந்தது:
அந்த முதல் காய்ச்சலில்
யார் யாரை மறந்தார்கள்?

காவல் செல்களை அடக்கும் மருந்து, பதினான்கு நாள்.
இன்று நாற்பத்தொன்று
விளிம்போரம் இரண்டு சுற்றுப் போனது. நின்றது.
பிறகு, காலண்டருக்கு இடப்பக்கம்.
இருபத்தேழு நொடி.
புட்டராஜு கைதட்டினார். நான் எழுதினேன்:
ஒரு தடவை. தற்செயலாகவும் இருக்கலாம்.

முனைகள் மறுபடி தொட்டுக்கொண்டனவா என்று பார்க்க
என்னிடம் இருப்பது ஒரே வழி.
அந்தக் கண்ணாடித் தகட்டுக்கு உயிரோடு போக முடியாது.
வெள்ளிக்கிழமை என்று குறித்திருக்கிறேன்.

இன்று புதன்.
மேடைமேல், உடம்பு நனைந்து, மீசை துடிக்க, அது.
துண்டை விரித்துக்கொண்டு நிற்கிறார் புட்டராஜு.
பிடி மேடம், என்கிறார்.